"செட்டில் ஆகிடுச்சு" என்றால் என்ன ஆகிடுச்சு?



இந்த இதழில் நாம் படிக்கப் போவது ஒரே ஒரு ஆங்கிலச் சொல். பயப்பட வேண்டாம், புதுச் சொல் இல்லை. தினமும் நம்ம வாயில் வருகிற சொல்தான். 'செட்டில்'.

"யாருக்கெல்லாம் இங்கிலீஷ் தெரியும்?" என்று குழுக் கூட்டத்தில் கேட்டால் ஒருத்தரும் கை தூக்க மாட்டோம். ஆனால் சமீபத்தில் ஒரு குழுவில் தீர்மானம் எழுதி முடிக்கிறதுக்குள் இந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று நாங்கள் சும்மா எண்ணிப் பார்த்தோம். "மளிகைக்கடை பாக்கியை செட்டில் பண்ணிட்டேன்" என்றார் ஒருவர். "பெரியவன் திருப்பூர்லயே செட்டில் ஆகிட்டான்" என்றார் இன்னொருவர். அண்ணன் தம்பி வரப்புச் சண்டையை ஊர்ப் பெரியவங்க செட்டில் பண்ணி விட்டாங்க. கடைசிப் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம், அதோட எல்லாரும் செட்டில். நாலு பேர், நாலு அர்த்தம். யாருக்கும் குழப்பம் இல்லை. பேச்சில் குழப்பம் வராது, ஏனென்றால் பேசுகிறவர் முகத்தைப் பார்த்தே புரிந்து கொள்கிறோம்.

குழப்பம் வருவது காகிதத்தில். அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்து கொண்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம், பிறகு பாடத்துக்குப் போகலாம்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு அக்கா. தையல் வேலை. குழுக் கடன் போக, ஒரு நுண்கடன் நிறுவனத்தில் தனியாகவும் கடன் வாங்கியிருந்தார். 2020-ல் ஊரடங்கு வந்தது. தைக்கத் துணி வரவில்லை, தவணை நின்று போனது. வட்டியும் சேர்ந்து 18,600 ரூபாய் பாக்கி. ஒரு வருஷம் இழுத்தடித்த பிறகு வசூலுக்கு வந்தவர், "12,000 கட்டுங்க அக்கா, செட்டில் பண்ணிடலாம்" என்றார். அந்த அக்கா எங்களிடம் யோசனை கேட்டார். நாங்களும், "6,600 மிச்சம்தானே, நல்லது, முடிச்சிடுங்க" என்று சொன்னோம். தோட்டை அடகு வைத்து 12,000 கட்டினார். "செட்டில்டு" என்று ஒரு ரசீதும் வந்தது. அதைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்தார்.

2023-ல் அவருடைய குழு வங்கிக் கடனுக்கு மனு போட்டது. வங்கியில் உறுப்பினர் ஒவ்வொருவர் பேரிலும் கடன் விவர அறிக்கை எடுத்துப் பார்த்தார்கள். இந்த அக்கா பேருக்கு நேராக 'செட்டில்டு' என்று இருந்தது. மேலாளர் அதைச் சுட்டிக் காட்டி, "இவங்க முழுசாக் கட்டலையே" என்றார்.

அக்காவுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. "செட்டில் பண்ணிட்டேன்னு நானே சொல்றேன், ரசீதும் காட்றேன். அதையே குத்தமாச் சொல்றாரே மேடம்" என்றார். எங்களுக்கும் அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சமூகப்பணி படித்துப் பட்டம் வாங்கி, பத்து வருஷமாகக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று பேர்தான். அந்தச் சொல்லுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்கே அன்றைக்குத்தான் உறைத்தது.

சரி, பாடத்துக்கு வருவோம்.

சொல் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்றால் உட்காரும் இடம், இருக்கை. பஸ்ஸில் நாம் துண்டு போட்டுப் பிடிக்கிறோமே 'சீட்டு', அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான். ஆக, 'செட்டில்' என்பதன் அடிப்படை அர்த்தம் ஒரு இடத்தில் உட்காருவது, உட்கார வைப்பது, அசையாமல் நிற்பது.

மழைக்காலத்தில் ஏரித் தண்ணி கலங்கி வரும். அந்தக் காலத்தில் தேத்தாங்கொட்டையைப் பானைக்குள்ளே உரைத்து வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சேறு அடியில் தங்கி, மேலே தண்ணி தெளிந்து நிற்கும். சேறு அடியில் தங்குவதை ஆங்கிலத்தில் 'செட்டில்' என்பார்கள். களத்துமேட்டில் தூற்றி முடித்த பிறகு தூசி அடங்குவதும் 'செட்டில்'. வகுப்பில் பிள்ளைகள் கூச்சல் போட்டால் ஆசிரியர் 'செட்டில் டவுன்' என்பார், அதாவது அமைதியாக உட்காருங்கள்.

இந்தப் பானையை மனசில் வைத்துக் கொண்டால் மற்ற அர்த்தம் எல்லாம் வரிசையாக வரும். அலைந்த ஆள் ஓர் ஊரில் தங்கினால் செட்டில். கலங்கிய சண்டை தெளிந்தால் செட்டில். ஆடிக் கொண்டிருந்த கணக்கு நின்றால் செட்டில். வெள்ளைக்காரன் காலத்தில் நிலத்துக்கு இவ்வளவு வரி என்று முடிவு செய்து நிறுத்தியதற்கும் செட்டில்மென்ட் என்றுதான் பெயர். 1793-ல் காரன்வாலிஸ் வங்காளத்தில் ஜமீன்தார்களோடு செய்து கொண்ட ஏற்பாட்டைப் பள்ளிக்கூடப் பாடத்தில் உங்கள் பிள்ளைகள் படித்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

பின்னால் வரும் சின்னச் சொல்

ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல் ஒட்டிக் கொண்டால் அர்த்தம் மாறிவிடும். நம்ம தமிழிலும் உண்டு. 'விட்டுக் கொடு' வேறு, 'விட்டுவிடு' வேறு இல்லையா, அது மாதிரி.

'செட்டில் இன்' என்றால் புது இடம் பழகிப் போவது. கல்யாணமான பெண் புகுந்த வீட்டில் ஆறு மாதம் கழித்து, எந்த டப்பாவில் புளி இருக்கிறது என்று கேட்காமல் எடுக்கிறாளே, அதுதான் செட்டில் இன். 'செட்டில் டவுன்' என்றால் ஒரு நிலைக்கு வருவது. இதை இங்கிலீஷ்காரர் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி சொல்வார்கள். நாம்தான் பிரித்து வைத்திருக்கிறோம். பையன் செட்டில் ஆகிட்டான் என்றால் வேலை கிடைத்துவிட்டது. பொண்ணு செட்டில் ஆகிட்டா என்றால் கல்யாணம் முடிந்துவிட்டது. நர்சிங் முடித்து ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்குகிற பெண்ணைப் பார்த்து, "எப்பம்மா செட்டில் ஆகப் போறே?" என்று நம்ம குழுவிலேயே கேட்கிறோம். இதைப் பற்றித் தனியாக ஒரு இதழில் சண்டை போடலாம்!

'செட்டில் அப்' என்றால் பாக்கியைக் கொடுத்துக் கணக்கை நேர் செய்வது. டீக்கடையில் கிளம்பும்போது 'பில் செட்டில்' என்றால் முழுக் காசும் கொடுத்தாச்சு என்றுதான் அர்த்தம்.

'செட்டில் ஃபார்' என்பதைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும். கேட்டது கிடைக்கவில்லை, கிடைத்ததோடு போதும் என்று ஒப்புக் கொள்வது. கருவாட்டுக்கூடை 500 என்று சொல்லி, சந்தை கலையும் நேரத்தில் 350-க்குத் தள்ளிவிட்டு வருகிறோமே, அது.

பாருங்கள், ஒரே சொல். ஒரு பக்கம் முழுசாகக் கொடுத்தாச்சு என்கிறது. இன்னொரு பக்கம் குறைச்சலோடு ஒத்துக்கிட்டாச்சு என்கிறது. தையல்கார அக்கா மாட்டிக் கொண்டது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். அவர் மனசில் டீக்கடை பில். நிறுவனத்தின் புத்தகத்தில் சந்தை கலையும் நேரத்துக் கருவாட்டுக்கூடை.

கடன் அறிக்கையில் 'செட்டில்டு'

நமக்குக் கடன் கொடுக்கிற வங்கியும் நிறுவனங்களும் நம்ம கணக்கு விவரத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. இந்தியாவில் இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன: சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். குழுக் கடனிலும் உறுப்பினர் வாரியாக விவரம் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. "நான் குழுவில்தானே வாங்கினேன், என் பேர் எங்கே தெரியப் போகுது" என்று இனி நினைக்க முடியாது.

அந்த அறிக்கையில் கடனுக்கு நேராக 'க்ளோஸ்டு' என்று இருந்தால் அசலும் வட்டியும் கட்டிக் கணக்கு முடிந்தது என்று அர்த்தம். 'செட்டில்டு' என்று இருந்தால் கட்ட வேண்டியதைவிடக் குறைவாகக் கட்டினார், மீதியை நிறுவனம் விட்டுக் கொடுத்தது என்று அர்த்தம். அடுத்துக் கடன் கொடுக்கப் போகிறவர் இந்த இரண்டாவது சொல்லைப் பார்த்தால் யோசிப்பார். கொடுக்கவே கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் யோசிப்பார்.

அப்படியானால் யாரும் செட்டில் பண்ணவே கூடாதா? அப்படி நாங்கள் சொல்லவில்லை. புருஷன் படுத்த படுக்கை, மாடு செத்துப் போச்சு, கட்ட வழியே இல்லை என்கிற நிலையில் குறைந்த தொகைக்கு ஒத்துக் கொள்வது ஒரு வழிதான். கந்துவட்டிக்கு வாங்கி இதைக் கட்டுவதைவிட எவ்வளவோ மேல். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே. அந்த அக்கா தெரியாமல் செய்தார். தெரிந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் தவணை கேட்டு முழுசாகக் கட்டியிருப்பேன் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

ஆகவே வசூலுக்கு வருகிறவர் "செட்டில் பண்ணிடலாம்" என்று சொன்னால் உடனே கேளுங்கள்: "முழுசாக் கட்டி முடிக்கிறதா, குறைச்சுக் கட்டுறதா? இதைக் கட்டினா என் கணக்குல க்ளோஸ்டுன்னு போடுவீங்களா, செட்டில்டுன்னு போடுவீங்களா?" பதிலை வாயால் வாங்காதீர்கள், நிறுவனத்தின் கடிதத்தில் வாங்குங்கள். முழுசாகக் கட்டியவர்கள் நிலுவை இல்லை என்கிற சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். ரசீது வேறு, அந்தச் சான்று வேறு.

நான்கு தகவல் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் செல்போனிலேயே எடுத்துக் கொடுக்கும். தப்பாக ஏதாவது இருந்தால் புகார் கொடுக்கலாம். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. சந்தேகம் கேட்க ரிசர்வ் வங்கியின் தொலைபேசி எண் 14448.

இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். ஓரிரு உறுப்பினர் வங்கியில் கட்டத் தவறினார் என்பதற்காக, ஒழுங்காகக் கட்டுகிற குழுவுக்கே கடனை நிறுத்துவது வழக்கமாக இருக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதலில் இருக்கிறது. தவறியவருக்கு அந்த வங்கிக் கடனிலிருந்து பங்கு கொடுக்கக் கூடாது என்பது அதனுடைய மறுபாதி. இந்த விதியை எடுத்துக் கொண்டுதான் நாங்கள் மறுபடி வங்கிக்குப் போனோம். குழுவுக்குக் கடன் வந்தது, அக்காவுக்குப் பங்கு வரவில்லை. குழுச் சேமிப்பிலிருந்து அவருக்கு உள்கடன் கொடுத்தார்கள். அதில் மீதி 6,600-ஐயும் அந்த நிறுவனத்தில் கட்டி, கடிதம் வாங்கி, மூன்று முறை நடந்த பிறகு 'செட்டில்டு' போய் 'க்ளோஸ்டு' வந்தது. தோடு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

பத்திர ஆபீசில் 'செட்டில்மென்ட்'

இது இன்னும் பெரிய விஷயம். ஆங்கிலத்தில் 'செட்டில் ஆன்' என்று ஒரு பிரயோகம் உண்டு. சொத்தை ஒருவர் பேருக்கு எழுதி நிலைநிறுத்துவது. அந்த அர்த்தத்தில் வந்ததுதான் நம்ம சார்பதிவாளர் அலுவலகத்துச் செட்டில்மென்ட் பத்திரம். தான செட்டில்மென்ட் என்றும் சொல்வோம்.

ஒரு ஊரில் எழுபது வயது அம்மா. இரண்டு மகன்களுக்குள் வீட்டுமனைத் தகராறு. பெரியவன் வந்து, "செட்டில்மென்டு போடணும்மா, ஒரு கையெழுத்து போடு" என்று அழைத்துப் போனான். தகராறைத் தீர்க்கிற காகிதம் என்று நினைத்து அந்த அம்மா கைரேகை வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து எங்களிடம், "எங்காலத்துக்குப் பொறவுதானேம்மா அவனுக்கு?" என்று கேட்டார். பத்திர நகலைப் படித்துப் பார்த்தோம். மனை அன்றைக்கே மகன் பேருக்குப் போயிருந்தது.

உயிலுக்கும் செட்டில்மென்டுக்கும் இதுதான் வித்தியாசம். உயில், எழுதியவர் கண் மூடிய பிறகுதான் நடைமுறைக்கு வரும். உயிரோடு இருக்கும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்ட் இரண்டு சாட்சிகளோடு பதிவாகி, வாங்குகிறவர் ஏற்றுக் கொண்டால் உரிமை அப்போதே கை மாறிவிடும். பொதுவாக, கொடுத்தவர் தனியாகப் போய் "வேண்டாம், ரத்து பண்ணுங்க" என்று சொல்ல முடியாது.

பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்க விரும்பும் தாய்மார்கள் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பத்திரத்தில் இரண்டு விஷயம் எழுதச் சொல்லுங்கள். ஒன்று, நான் உயிரோடு இருக்கும் வரை இந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை எனக்கு உண்டு. இரண்டு, என்னைக் கடைசி வரை சோறு, துணி, வைத்தியம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் கொடுக்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23-ன்படி, இந்த நிபந்தனையோடு கொடுத்த சொத்தை வாங்கிக் கொண்டு பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். 60 வயது ஆனவர்கள் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். 2022-ல் வந்த ஒரு தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த நிபந்தனை இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்தியது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பில், இந்தச் சட்டம் முதியவர்களுக்காக வந்தது, தாராளமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்றது. நிபந்தனை காகிதத்தில் இருந்துவிட்டால் வாதாட வேண்டிய வேலையே குறைவு.

அந்த அம்மாவின் பத்திரத்தில் இரண்டு வரியும் இல்லை. மனு கொடுத்திருக்கிறோம்.

இதே அலுவலகத்தில் அண்ணன் தம்பிகள் தங்கச்சியை அழைத்து வந்து, "சும்மா செட்டில் பண்ணிக்கிறோம்மா" என்று கையெழுத்து கேட்பதும் உண்டு. அநேகமாக அது செட்டில்மென்ட்டாக இருக்காது, விடுதலைப் பத்திரமாக இருக்கும். "என் பங்கை விட்டுவிட்டேன்" என்று பொருள். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதும் 2005-லும் சட்டம் வந்தது. விட்டுக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் பத்திரத்தின் தலைப்பை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கோர்ட்டிலும் இன்சூரன்ஸிலும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் இரண்டு தரப்பும் ஒத்துக் கொண்டு முடிப்பதும் செட்டில்மென்ட்தான். அதற்குக் கோர்ட் தீர்ப்புக்கு உள்ள பலம் உண்டு, அதன் மேல் அப்பீல் கிடையாது. ஆகவே எழுதியதை வாசித்துக் கேட்ட பிறகே கையெழுத்து. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார், சட்ட உதவி எண் 15100. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் நின்று பேசி "செட்டில் பண்ணி" வைப்பதற்கு இந்தப் பலம் எதுவும் கிடையாது. அடி வாங்கிய பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதைச் செட்டில் என்று சொல்வதை நாங்கள் ஒத்துக் கொள்வதில்லை.

இன்சூரன்ஸில் 'கிளெய்ம் செட்டில்' என்றால் கம்பெனி நம்ம கோரிக்கையை ஏற்றுப் பணம் கொடுத்தது என்று அர்த்தம். வருஷத்துக்கு 436 ரூபாய் கட்டும் பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமாவில் இறப்புக்கு 2 லட்சம். அதற்குக் குறைவாகக் கணக்கில் விழுந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் பயிற்சி

கீழே உள்ள நான்கு வாக்கியத்தையும் ஊக்குநர் சத்தமாகப் படிக்கட்டும். ஒவ்வொன்றிலும் 'செட்டில்' வரும் இடத்தில் அந்தச் சொல் இல்லாமல், சுத்தமாக நம்ம பேச்சில் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். எவ்வளவு பணம், யார் கொடுத்தது, மிச்சம் என்ன ஆச்சு என்பதும் பதிலில் வர வேண்டும்.

"லோனை 9,000-த்துக்கு செட்டில் பண்ணிட்டேன்."
"வீட்டை மருமக பேர்ல செட்டில்மென்ட் பண்ணிட்டாங்க."
"அவங்க கேஸ் லோக் அதாலத்துல செட்டில் ஆகிடுச்சு."
"எம் பொண்ணு நல்லபடியா செட்டில் ஆகிட்டா."

பதில்களை எழுதிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். நான்காவது வாக்கியத்துக்கு எங்கள் அலுவலகத்திலேயே மூன்று பதில் வந்திருக்கிறது.